பழவேற்காட்டின் கடைசிப் பத்து மீட்டர்

கைப்பேசித் திரையில் நீலப் புள்ளி நின்றுவிட்டது. வடக்கு 13 பாகை 25 கலை, கிழக்கு 80 பாகை 19 கலையை ஒட்டிய இடம். வரைபடம் அங்கே ஒரு கோட்டையைக் காட்டுகிறது. எதிரில் இருப்பதோ சீமைக்கருவேலங்காடு. முள்ளுக்கு நடுவே ஆடுகள் மேய்ந்த தடம் ஒன்று வளைந்து போகிறது. அதற்கப்பால் பாசி படர்ந்த நீர்ப்பள்ளம். சென்னையிலிருந்து விடியலில் கிளம்பி, மீஞ்சூர், பொன்னேரி வழியாக வந்து இறங்கிய நான்கு இளைஞர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். சைக்கிளை உருட்டிக்கொண்டு போகிற பெரியவரை ஒருவர் கேட்கிறார்: “கோட்டைக்கு எப்படிப் போறது பாய்?”

“நீங்க நிக்கிறதே கோட்டை மேலதான் தம்பி.”

டச்சுக்காரர்கள் 1613இல் கட்டி முடித்த கெல்டிரியா கோட்டையில் மிஞ்சியிருப்பது இவ்வளவுதான்: மண்மேடு, சிதறிய செங்கல், அந்த நீர்ப்பள்ளம். பள்ளம்தான் அகழி. தெரியாதவர் அதைக் குட்டை என்று கடந்து போய்விடுவார்.

நால்வரும் இங்கே வந்தது ஜியோகேஷிங் என்ற விளையாட்டை மனத்தில் வைத்து. யாரோ ஒருவர் ஓரிடத்தில் ஒரு பெட்டியை ஒளித்து வைப்பார். அதன் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை ஊரறிய வெளியிடுவார். மற்றவர்கள் அந்த எண்களைப் பிடித்துக்கொண்டு போய்த் தேடுவார்கள். கிடைத்தால் உள்ளே இருக்கும் சிறு குறிப்பேட்டில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வர வேண்டும். உள்ளிருக்கும் பொம்மையையோ நாணயத்தையோ எடுத்துக்கொண்டால் பதிலுக்கு ஒன்றை வைக்க வேண்டும். விளையாட்டை அறியாத வழிப்போக்கரின் கண்ணில் படாமல் தேட வேண்டும் என்பது எழுதாத விதி.

இந்த விளையாட்டு பிறந்த தேதி துல்லியமாகத் தெரியும். அமெரிக்கா தன் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் பொதுமக்கள் அலைவரிசையில் வேண்டுமென்றே பிழை கலந்து வைத்திருந்தது. அதனால் சாதாரணக் கருவி காட்டும் இடம் நூறு மீட்டர் வரை தள்ளிப்போகும். 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அந்தப் பிழையை நீக்கினார்கள். மே 3ஆம் தேதி டேவ் உல்மர் என்பவர் ஒரேகான் மாநிலத்தில் பீவர்கிரீக் என்ற ஊருக்கு அருகே ஒரு கறுப்பு வாளியை வைத்து, அதன் எண்களை இணையத்தில் போட்டார். வாளிக்குள் புத்தகம், ஒளிநாடா, ஓர் உண்டிவில், ஒரு டப்பா பீன்ஸ். முதலில் கண்டுபிடித்தவர் மைக் டீக். அதே ஆண்டு செப்டம்பரில் ஜெரமி ஐரிஷ் இதற்கென்று இணையதளம் தொடங்கியபோது உலகம் முழுக்கவே 75 பெட்டிகள்தான் பதிவாகியிருந்தன. இன்று அந்த எண்ணிக்கை முப்பது லட்சத்தைத் தாண்டிவிட்டது. எண்களும் செயற்கைக்கோளும் இல்லாத இதன் மூதாதை இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டு நிலத்தில் 1854இலேயே இருந்தது. ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி அங்கே கிரான்மியர் பூல் என்ற இடத்தில் ஒரு புட்டியை வைத்து, நடந்து வருகிறவர்கள் தங்கள் பெயர்ச்சீட்டை அதில் போட்டுவிட்டுப் போக வழி செய்தார்.

மேலை நாடுகளில் பழைய வீடுகள் நிறைந்த தெருக்கள் இந்த ஆட்டத்துக்குப் பிடித்த களம். பெரிய நினைவுச்சின்னத்துக்கு எல்லோரும் போவார்கள். ஒரு மாலுமியின் வீட்டையோ, மூடிப்போன அச்சுக்கூடத்தையோ தேடிப் போக வைப்பதுதான் ஆட்டத்தின் அழகு. அப்படிப் பார்த்தால் தமிழ்நாட்டில் பழவேற்காட்டை விடப் பொருத்தமான ஊரைக் காண்பது கடினம். பெரிய கோபுரம் இல்லை, நுழைவுச்சீட்டுக் கூண்டு இல்லை. பார்க்க வேண்டிய ஒவ்வொன்றும் ஒரு சந்துக்குப் பின்னால் இருக்கிறது.

*

1502 வாக்கில் போர்ச்சுகீசியர் இங்கே காலூன்றினார்கள். ஊரில் உள்ள மகிமை மாதா ஆலயம் தன் தொடக்கத்தை 1515 என்று சொல்கிறது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1610இல் விஜயநகர மன்னர் இரண்டாம் வேங்கடவரிடம் அனுமதி பெற்றுப் பண்டகசாலை வைத்தது. இரண்டே ஆண்டில் சாந்தோமிலிருந்து வந்த போர்ச்சுகீசியர் அதைத் தாக்கி அழித்தார்கள். அதன் பிறகுதான் கோட்டை. வெம்மர் வான் பெர்கெம் என்ற டச்சு அதிகாரி தன் சொந்த மாகாணத்தின் பெயரை அதற்குச் சூட்டினார். 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையின் டச்சு வணிகம் முழுவதும் இந்தச் சின்னஞ்சிறு ஊரிலிருந்து நடந்தது. இங்கே நாணயம் அச்சடித்தார்கள், வெடிமருந்து தயாரித்தார்கள், கட்டம் போட்ட கைத்தறித் துணிகளைக் கப்பல் கப்பலாகத் தென்கிழக்கு ஆசியாவுக்கு அனுப்பினார்கள்.

ஆங்கிலேயரும் இதே ஊரில் இடம் பிடிக்கப் பார்த்தார்கள், டச்சுக்காரர்களோடு ஒத்துப்போகவில்லை. ஏரியின் வடகோடியை ஒட்டிய துர்கராஜபட்டினத்தில் 1626இல் ஒரு பண்டகசாலை வைத்தார்கள். அதுவும் சரிப்படாமல் 1639இல் தெற்கே வந்து வாங்கிய மணல்வெளிதான் சென்னப்பட்டினம். சென்னை உருவானதற்கு இந்த ஏரிக்கரையில் நடந்த போட்டியும் ஒரு காரணம் என்பதைச் சென்னைக்காரர்களே அதிகம் அறிந்திருக்கவில்லை. இவ்வளவு பக்கத்தில் இருக்கும் ஊருக்கு இப்படியொரு மறதி வாய்த்திருப்பது வருத்தமான விஷயம்.

கோட்டையை 1806இல் ஆங்கிலேயர் தகர்த்தார்கள். டச்சுக்காரர்களோடு செய்துகொண்ட 1824 ஒப்பந்தத்தின்படி மறு ஆண்டு ஊரும் அவர்கள் கைக்குப் போனது. அதன்பின் முள் வளர்ந்தது.

டச்சுக் கல்லறைத் தோட்டம் மட்டும் பிழைத்துக்கொண்டது. இந்தியத் தொல்லியல் துறையின் காப்பில் இருக்கிறது. நுழைவாயிலின் இருபுறமும் ஆளுக்கொரு பக்கமாக இரண்டு எலும்புக்கூடுகள், கல்லில். விலா எலும்பு ஒவ்வொன்றையும் எண்ணிவிடலாம். முழங்கால் சில்லுகூடத் துருத்திக்கொண்டு நிற்கிறது. ஒன்றோடு மணற்கடிகை ஒன்றும் செதுக்கப்பட்டிருக்கிறது. வாழ்நாள் ஒழுகிக்கொண்டே இருக்கிறது என்று உள்ளே போகிறவருக்கு நினைவூட்டுவது பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பியக் கல்லறைகளின் வழக்கம். உப்புக்காற்று முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் உரசியும் அந்தக் கடிகையின் இடுப்பு தேய்ந்து மறையவில்லை. உள்ளே கூர்முனைத் தூண் வைத்த சமாதிகள், குவிமாடம் வைத்தவை, தரையோடு தரையாகப் படுத்திருக்கும் பெரிய கற்பலகைகள். பலகைகளில் குலச்சின்னமும் டச்சு எழுத்துகளும் விளிம்பு வரை நிரம்பியிருக்கின்றன. மதிய வெயிலில் அந்த எழுத்துகளைப் படிக்க முடியாது. காலையிலோ மாலையிலோ சூரியன் சாய்ந்திருக்கும்போது ஒவ்வொரு எழுத்தின் நிழலும் விழுந்து, வரி துலங்கி வரும். குழுவில் ஒருவர் கைப்பேசி விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்க்கிறார். 16 என்று தொடங்கும் ஆண்டு மெல்லத் தெரிகிறது.

இங்கே ஒரு பெட்டியை ஒளிக்கலாமா என்ற கேள்வி வந்தால், கூடாது என்பதே விடை. ஆட்டத்தின் விதிகளும் அதையே சொல்கின்றன: மண்ணைத் தோண்டிப் புதைக்கக் கூடாது, கட்டடத்துக்குச் சேதம் வரக்கூடாது, இடத்துக்கு உரியவரின் அனுமதி வேண்டும், நாட்டின் சட்டத்தை மீறக் கூடாது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தில் கல்லைப் புரட்டிப் பார்க்கிற பழக்கம் ஒரு முறை தொடங்கினால் எங்கே போய் நிற்கும் என்று யோசித்தாலே போதும். அதற்கு மாற்றாக ஆட்டத்திலேயே ஒரு வகை உண்டு. அதில் பெட்டியே கிடையாது. எண்கள் ஓரிடத்துக்கு அழைத்துப் போகும். அங்கே நேரில் நின்றால்தான் விடை தெரிகிற கேள்வி ஒன்று இருக்கும். விடையில் கிடைக்கும் எண்ணை அடுத்த இடத்தின் அட்சரேகையில் சேர்த்துக்கொண்டு நடக்க வேண்டும். கலையின் ஆயிரத்தில் ஒரு பங்கு மாறினால் அட்சரேகையில் 1.85 மீட்டர் தள்ளிப்போகும். ஆண்டைத் தப்பாகப் படித்தவர் அடுத்த தெருவில் போய் நிற்பார். பழவேற்காட்டுக்குத் தகுந்தது இந்த வகைதான்.

அப்படிக் கேள்விகள் அமைக்கிறவர்கள் கல்லறையில் பெயர் இருப்பவர்களைப் பற்றி மட்டும் கேட்டு நிறுத்திவிடக் கூடாது. பதினேழாம் நூற்றாண்டில் இந்தத் துறைமுகத்திலிருந்து பத்தேவியாவுக்கு, இன்றைய ஜகார்த்தாவுக்கு, ஆயிரக்கணக்கான மனிதர்களை அடிமைகளாக ஏற்றி அனுப்பினார்கள். பஞ்சமும் போரும் வந்த ஆண்டுகளில் பிள்ளைகளை விற்றவர்களும், தங்களையே விற்றுக்கொண்டவர்களும், தரகர்கள் பிடித்துக்கொண்டு வந்தவர்களும் அதில் அடக்கம். ஏற்றி அனுப்பியவர்களுக்குக் குலச்சின்னம் பொறித்த கல் இருக்கிறது. போனவர்களுக்கு இந்த ஊரில் ஒரு செங்கல்கூடக் கிடையாது. கெல்டிரியாவின் அகழிக்கரையில் நிற்கிறவருக்கு இது சொல்லப்பட வேண்டும்.

*

கல்லறையிலிருந்து பள்ளிவாசல் தெருக்களுக்கு நடக்கிற தூரம்தான். மரைக்காயர், லெப்பைக் குடும்பங்களின் பழைய வீடுகள் இந்தப் பக்கம். முன்னால் திண்ணை, திண்ணையில் மரத்தூண், வேலைப்பாடு செய்த கதவு நிலை, மேலே நாட்டு ஓடு. சில வீடுகளில் வெள்ளைச் சுண்ணாம்புச் சாந்து இன்னும் பளபளக்கிறது. சிலவற்றில் ஓடு சரிந்து உள்ளே செடி முளைத்திருக்கிறது. இடிந்ததற்குப் பக்கத்தில் வழவழப்பான தரைக்கல் பதித்த புதுவீடு. பரம்பரை வீட்டைப் பிரித்துக்கொள்ள முடியாமல் பூட்டிப் போட்டுவிட்டு வெளியூர் போனவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. உப்புக்காற்று அடிக்கும் ஊரில் பூட்டின வீடு சீக்கிரம் விழுந்துவிடும்.

இந்தத் தெருக்களில் கைப்பேசியைக் கையில் பிடித்துக்கொண்டு சுவர் சுவராகத் தடவுகிற அந்நியரை யாரும் சும்மா விடமாட்டார்கள். “யாரத் தேடுறீங்க?” என்று ஒரு திண்ணையிலிருந்து குரல் வரும். மேலை நாட்டு ஆட்டக்காரர்கள் இப்படிக் கேட்கிறவர்களிடமிருந்து தப்பிக்கத்தான் பார்ப்பார்கள். இங்கே அது நடக்காது, நடக்கவும் கூடாது. திறந்த வானத்தின் கீழே கைப்பேசி மூன்று முதல் ஐந்து மீட்டர் வரை சரியாகக் காட்டும். ஓட்டுக் கூரையும் மதிலும் நெருங்கிய சந்தில் சமிக்ஞை சுவரில் பட்டுத் திரும்பி வருவதால் புள்ளி பத்து மீட்டர் அலையும். பழவேற்காட்டில் பத்து மீட்டர் என்பது மூன்று வீடு. அந்தப் பத்து மீட்டரைக் கடக்கத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவரைத்தான் கேட்க வேண்டும். அவரிடம் கேட்டால் வீட்டைக் காட்டுவதோடு நிறுத்தமாட்டார். யார் கட்டியது, எந்தக் கப்பலில் மரம் வந்தது என்று தொடங்கிவிடுவார்.

சின்னப் பள்ளிவாசலில் ஒரு சூரியக் கடிகாரம் இருக்கிறது. நூறு ஆண்டுகளைக் கடந்தது. தொழுகை நேரம் பார்ப்பதற்காக அமைத்தது. நிழல் விழும் கோடுகளை அருகே குனிந்து பார்த்தால், இதைச் செதுக்கியவர் இந்த ஊரின் அட்சரேகையைக் கணக்கில் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது புரியும். 13 பாகைக்குச் சரியாக விழும் நிழல் கொழும்பில் சரியாக விழாது. செயற்கைக்கோள் செய்வதும் அடிப்படையில் இதே வேலைதான். அதற்குள் இருக்கும் அணுக்கடிகாரம் நேரத்தை அனுப்புகிறது. சமிக்ஞை வந்துசேர எடுத்துக்கொண்ட நேரத்தைக் கொண்டு கருவி தூரத்தைக் கணக்கிடுகிறது. ஒரு நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கு பிசகினால் முப்பது செண்டிமீட்டர் பிழை. நேரத்தைக் கொண்டு இடத்தை அறிவது அங்கே, இடத்தைக் கொண்டு நேரத்தை அறிவது இங்கே. ஆட்டத்துக்குக் கேள்வி தேடுகிறவருக்கு இதைவிடச் சிறந்த பொருள் ஊரில் இல்லை. பள்ளிவாசல் தொழுகைக்குரிய இடம் என்பதால் நேரம் பார்த்து, கேட்டு அனுமதி பெற்று, உள்ளே போக வேண்டும் என்பதையும் குறிப்பில் எழுதிவிட வேண்டும்.

ஆதிநாராயணப் பெருமாள் கோயிலும் சமயீஸ்வரர் கோயிலும் விஜயநகரக் காலத்தின் மிச்சம். பெருமாள் கோயில் செம்புரைக் கல்லால் ஆனது, இந்தக் கரையில் அரிது. அதில் கையகலச் சிற்பங்களாக ராமாயணக் காட்சிகள் உண்டு. ஜமீலாபாத் பக்கம் போனால் பனையோலையில் சாயமேற்றிப் பெட்டியும் கூடையும் முடையும் பெண்களைப் பார்க்கலாம். நால்வரும் ஆளுக்கொரு பெட்டி வாங்கிக்கொள்கிறார்கள்.

*

ஏரியைப் பார்க்காமல் இந்த ஊர் புரியாது. இந்தியாவின் உவர்நீர்க் காயல்களில் சில்காவுக்கு அடுத்த பெரியது இது. வடக்கு தெற்காக ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளம். பரப்பு பருவத்துக்கு ஏற்ப 250 முதல் 450 சதுர கிலோமீட்டர் வரை விரிந்து சுருங்கும். பெரும்பகுதி ஆந்திரத்தில், தென்பகுதி மட்டும் தமிழ்நாட்டில். ஆரணி ஆறு தெற்கில் வந்து சேர்கிறது. பக்கிங்ஹாம் கால்வாய் ஊடாகப் போகிறது. பெரும்பாலான இடங்களில் ஆழம் குறைவு. குளிர்காலத்தில் பூநாரைகள் வந்து அந்த ஆழமற்ற நீரில் நிற்கின்றன. கிழக்கே ஏரியையும் வங்கக்கடலையும் பிரித்தபடி நீண்டு கிடக்கும் தீவு ஸ்ரீஹரிகோட்டா.

இந்த இடத்தில் கதை வட்டமடித்து வருகிறது. இந்தியாவின் சொந்த இடங்காட்டி அமைப்பான நாவிக்கின் முதல் செயற்கைக்கோள் 2013 ஜூலை 1 அன்று பி.எஸ்.எல்.வி. ஏவூர்தியில் இந்தத் தீவிலிருந்துதான் மேலே போனது. அந்த வரிசையின் ஏழாவது 2016 ஏப்ரல் 28 அன்று போனது. நாவிக் வசதியுள்ள கைப்பேசியோடு கெல்டிரியாவைத் தேடுகிறவருக்கு எண் சொல்லும் செயற்கைக்கோள்கள், கண்ணுக்கெட்டும் தூரத்திலிருந்து கிளம்பியவை. அதற்கு இந்த ஏரி மக்கள் கொடுத்த விலையும் உண்டு. ஏவுதளத்துக்காகத் தீவின் ஊர்கள் காலிசெய்யப்பட்டன. அங்கிருந்து வந்தவர்கள் ஏரியைச் சுற்றியுள்ள குப்பங்களில் குடியேறினார்கள். இன்றும் ஏவூர்தி கிளம்பும் நாளில் பழவேற்காட்டு மீனவர்களுக்குக் கடலுக்குப் போக வேண்டாம் என்ற அறிவிப்பு வரும். ஏவுதல் தள்ளிப்போனால் அந்த முடக்கமும் நீளும். அன்றைய வருமானம் போனது போனதுதான்.

படகில் ஏறினால் இன்னொரு வரைபடம் திறக்கிறது. கரையிலிருந்து பார்க்கிறவருக்கு ஏரி வெறும் தண்ணீர். கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடுக்குப்பத்து மீனவர்களுக்கு அது பாடு பாடாகப் பிரிந்து கிடக்கிறது. முகத்துவாரத்தை ஒட்டிய இறால் வளம் மிகுந்த இடங்களில் யார், எந்த நாளில், எந்தப் பாட்டில் வலை வைப்பது என்பதைச் சீட்டுக் குலுக்கி முறை வைத்துத் தீர்மானிக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக வரும் ஏற்பாடு. நல்ல பாடு ஒரே குடும்பத்துக்கு நிலைத்துவிடாமல் சுற்றி வரும். பட்டினவர் சமூகத்தின் உறுப்பினர்களுக்குள் இது நேர்மையான பங்கீடு. ஆனால் அந்த உறுப்பினர் வட்டத்துக்கு வெளியே உள்ள சமூகங்களுக்கு வளமான இடங்களில் பங்கு இல்லை. அதனால் சச்சரவுகளும் நடந்திருக்கின்றன. வெளியே நிற்பவர்களில் இருளர்களும் உண்டு. இருளர் பெண்கள் மார்பளவு நீரில் குனிந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள். பிடித்ததைப் போடும் ஓலைப் பறியின் கயிறு பல்லுக்கிடையில் இருக்கும். இரண்டு கையும் சேற்றில்.

கடலில் மீன் கூடும் பார்களை மீனவர்கள் கருவி வருவதற்கு முன்பே குறித்து வைத்திருந்தார்கள். கரையில் தெரியும் இரண்டு அடையாளங்களை, ஒரு கோபுரத்தையும் ஒரு பனந்தோப்பையும் என்று வைத்துக்கொள்ளலாம், ஒன்றன் பின் ஒன்றாக ஒரே கோட்டில் கொண்டுவர வேண்டும். வேறு திசையில் இன்னொரு ஜோடியையும் அப்படியே. இரண்டு கோடும் வெட்டுகிற இடம்தான் பார். செயற்கைக்கோள் இல்லாத ஜியோகேஷிங் என்று இதைத்தான் சொல்ல வேண்டும். உள்ளே இருந்த புதையல் குடும்பத்தின் அடுத்த வேளைச் சோறு. இப்போது ஃபைபர் படகுகளில் ஜிபிஎஸ் வந்துவிட்டது. பார்களின் எண்களை இளையவர்கள் கருவியில் சேமித்து வைத்திருக்கிறார்கள். அந்த எண்களைப் பழகியவருக்குக்கூட எளிதில் சொல்வதில்லை. சொன்னால் நாளை அங்கே நாற்பது படகு நிற்கும்.

பாலத்தைக் கடந்து லைட்ஹவுஸ் குப்பத்துக்குப் போகும்போது நால்வரில் ஒருவர் பழைய செயற்கைக்கோள் படத்தைத் திறந்து, முகத்துவாரம் எங்கே என்று ஒப்பிட்டுப் பார்க்கிறார். படத்தில் நீலமாக இருக்கிற இடத்தில் மணல். மணலாக இருக்கிற இடத்தில் நீர். தெற்கு வடக்காக ஓடும் கரையோர நீரோட்டம் மணலைக் கொண்டுவந்து வாயை அடைக்கிறது. மழைக்காலத்தில் ஆற்று வெள்ளம் அதை உடைத்துப் புது வாயைத் திறக்கிறது. கோடையில் வாய் அடைபட்டால் கடல்நீரும் இறால் குஞ்சும் உள்ளே வருவதில்லை, படகும் வெளியே போவதில்லை. இரு பக்கமும் கற்சுவர் எழுப்பி நிலையான முகத்துவாரம் வேண்டும் என்று குப்பத்து மக்கள் பல ஆண்டுகளாகக் கேட்டு வந்திருக்கிறார்கள். தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தை விரிவாக்கும் திட்டத்தை அவர்கள் எதிர்ப்பதற்கும் இதே மணல்தான் காரணம்: கடலுக்குள் நீளும் ஒவ்வொரு சுவரும் மணலை ஒரு பக்கம் சேர்த்து மறுபக்கத்துக் கரையை அரிக்கும் என்பதைச் சென்னைத் துறைமுகத்துக்கு வடக்கே காசிமேடு, எண்ணூர்க் கரைகளில் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள்.

முகத்துவாரத்துக்கு எண் குறித்து வைக்க நினைத்த இளைஞர், வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவரிடம் எந்த இடத்தைக் குறிப்பது என்று கேட்கிறார். “இந்த மாசத்துக்கா, அடுத்த மாசத்துக்கா?” என்று அவர் திருப்பிக் கேட்கிறார். இளைஞர் எண்ணோடு அன்றைய தேதியையும் சேர்த்துக் குறித்துக்கொள்கிறார்.